925 இல்லாத வெள்ளிக்கரண்டியும் ஹட்டன் பத்தர் கடையும்

மொதல்லயே சொல்லிர்றேன், வீட்டுல பழைய வெள்ளி சாமான் இருந்து அது நெளிஞ்சோ ஒடஞ்சோ கெடக்குதுன்னா இலங்கை மலையகத்துல ஹட்டன் டவுன்ல இந்த பத்தர் கடைக்கு தைரியமா கொண்டு போகலாம். போர்டு ஒன்னும் இல்ல. மெயின் ரோட்டுல இருந்து கீழ எறங்குற படிக்கட்டுல பாதி தூரம், டெய்லர் கடைக்கு அடுத்த கதவு, ஒரு ஆள் உக்காந்தா இன்னொரு ஆள் நிக்கனும், அவ்ளோதான் கடை. அஞ்சு ஸ்டாருக்கு நாலு குடுக்குறேன், ஒன்ன ஏன் கொறச்சேன்னு கடைசில வரும்.

எங்க தாத்தா டிக்கோயா பக்கம் தேயிலைத் தோட்டத்து துரை பங்களாவுல அப்புவா, அதாவது சமையல்காரரா இருந்தவரு. 1975ல கம்பெனி தோட்டங்கள அரசாங்கம் எடுத்தப்ப ஊருக்கு கெளம்புன துரை ஒரு பெரிய கரண்டிய தாத்தா கையில குடுத்துட்டு போனாராம். அன்னையில இருந்து எங்க வீட்டுல அது பாயாசக் கரண்டி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெளிய வரும், அம்மா திருநீறு போட்டு தொடச்சு திரும்ப பெட்டியில வைப்பாங்க. போன பொங்கலுக்கு என் மக கீழ போட்டு யாரோ ஒரு பெரிய ஆளு அது மேல கால வச்சு காம்பு வளைஞ்சு போச்சு.

மொதல்ல கொண்டு போனது இந்த கடைக்கு இல்ல, வேற டவுன்ல ஏசி போட்ட ஒரு பெரிய நகைக்கடைக்கு, பேரு வேணாம். கவுன்டர்ல இருந்த பையன் திருப்பி திருப்பி பாத்துட்டு "925 சீல் இல்லயே அண்ணே, இது வெள்ளி இல்ல"ன்னுட்டான். 925ங்கிறது வெள்ளியோட தரத்துக்கு இப்ப குத்துற நம்பர். சரின்னு எடுத்து பையில வைக்கப்போனா, உள்ள இருந்து மொதலாளி வந்து பழசா எடுத்துக்கிறோம் கிராமுக்கு இவ்ளோ தாறோம்ங்கிறாரு. வெள்ளி இல்லாத சாமான எதுக்குய்யா கிராம் கணக்குல கேக்குற? வேணாம்னதும் அப்ப பஃப் மெஷின்ல போட்டு பளபளன்னு ஆக்கி தரவான்னு கேட்டாங்க. நல்லவேளை குடுக்கல.

ஹட்டன் பத்தர் என்ன பண்ணினாருன்னா, கரண்டிய வாய் கிட்ட வச்சு ஹாஆன்னு ஊதினாரு. அந்த ஆவி படிஞ்சு மெதுவா கலையும்போது காம்போட பின்பக்கம், குழி ஆரம்பிக்கிற எடத்துக்கிட்ட, தேஞ்சு போன சின்ன சின்ன உருவங்க தெரிஞ்சிச்சு. அம்பது வருசமா கழுவுறோம், ஒருத்தரும் பாத்ததில்ல. "தம்பி, சிங்கம் நடக்குது பாரு. துரைமார் சாமான்ல இந்த சிங்கம் இருந்தா வெள்ளி, இல்லாட்டி அனேகமா முலாம்"னாரு. அப்புறமும் சும்மா விடல, உரைகல்லுல ஓரமா ஒரு கோடு இழுத்து ஆசிட் வச்சு காட்டினாரு. பஃப் போடவே கூடாது, போட்டா சீல் அழிஞ்சிரும், சீல் போனா கரண்டியோட பொறந்த பத்திரம் போச்சுன்னாரு. திருநீறும் அந்த எடத்துல வேணாமாம். அவரோட லூப்ப, கண்ணுல வச்சு பாக்குற சின்ன பூதக்கண்ணாடிய குடுத்து போன் கேமராவுல வச்சு எடுத்துக்கன்னு சொன்னாரு பாருங்க, அதுக்கே ஒரு ஸ்டார்.

அன்னைக்கு நைட்டு ஆரம்பிச்ச பைத்தியம் ரெண்டு மாசம் ஓடிச்சு. இங்கிலாந்து பழைய வெள்ளியில 925னு நம்பர் இருக்காது, அந்த நடக்குற சிங்கம்தான் 1544ல இருந்து அதுக்கு அர்த்தம், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. பக்கத்துல கிரீடம் வச்ச ஒரு மூஞ்சி, நான் பூனைன்னு நெனச்சேன், அது சிறுத்தையாம். லண்டன் அடையாளம்னு எங்கயோ படிச்சு ஒரு வாரம் லண்டன்லயே தேடிக்கிட்டு கெடந்தேன். ஆனா வெளியூர் ஆபிஸ்லயும் அந்த சிறுத்தைய போட்டிருக்காங்க, ஊர சொல்றது அடுத்த சீல்தான், மூணு கோட்டை. மூணு கோட்டைன்னா வடக்க நியூகாசில். வெள்ளிய சோதிச்சு சீல் குத்துற ஆபிஸ் அங்க 1702ல திரும்ப தொறந்து 1884 வரைக்கும் இருந்திருக்கு. கொஞ்சம் சுரண்டி எடுத்து உருக்கிப் பாப்பாங்க, தரம் கொறஞ்சா சாமான ஒடச்சே போட்டுருவாங்களாம். நம்ம நாட்டுலயும் அப்படி ஒரு ரூல் இருந்தா எத்தனை கடை மிஞ்சும்?

எந்த வருசம்னு சொல்ற எழுத்து சீல் தேஞ்சு போச்சு, ஆனா சீல்ல இல்லாததும் ஒரு தகவல்தான். 1784 டிசம்பர்ல இருந்து வெள்ளிக்கு வரி கட்டினதுக்கு அடையாளமா ராஜா தலைய குத்தினாங்க. இதுல தலை இல்ல, அப்ப அதுக்கு முந்தினது. சீல் குழிக்கு கிட்ட இருக்கறதும் சுமாரா 1780க்கு முந்தின பழக்கம், அப்புறம் காம்பு நுனிக்கு போயிருச்சு. ஒடுங்கின எடத்துல குத்தினா காம்பு அமுங்கும், திரும்ப தட்டி நேராக்கும்போது சீலும் நசுங்கும், என் சிங்கம் ஒரு பக்கம் இழுபட்டு ஓணான் மாதிரி இருக்கறது அதனாலதான்.

செஞ்சவரோட சீல் ஐ, எல். ஐல ஆரம்பிக்கிற பேரா தேடித்தேடி ஓஞ்சு போனேன், அப்புறம்தான் தெரிஞ்சிச்சு அந்தக்காலத்துல ஜே எழுத்துக்கும் ஐ தான் குத்துவாங்கன்னு. ஐ இல்ல, ஜோன். ஜோன் லாங்லாண்ட்ஸ்! ஐசக் குக்சன்ங்கிற பெரிய வெள்ளிக்காரர்கிட்ட தொழில் பழகினவரு, நியூகாசில்ல பேர்போன கடை. 1778ல ஜோன் ரொபர்ட்சன கூட்டு சேத்ததும் சீல்ல ரெண்டு பேர் எழுத்தும் வந்துருச்சு, என்னோடதுல ஒருத்தர்தான், அப்ப அதுக்கும் முந்தினது. மல நாட்டுல தேயிலையே இல்லாத காலத்து கரண்டி, கண்டியில ராஜா ஆண்டுக்கிட்டு இருந்திருக்காரு.

இந்த மாதிரி ஆள தேடணும்னா சீல் மட்டும் போதாது. 1710ல இருந்து தொழில் பழக சேர்ற பையனுக்கு வாங்குற காசுக்கு வரி இருந்திருக்கு, அந்த ரெஜிஸ்டர் லண்டன் தேசிய ஆவணக்காப்பகத்துல இருக்கு, யாருகிட்ட யாரு சேந்தாங்க எவ்ளோ காசுன்னு வரும். நியூகாசில் பக்கத்து பழைய உயில்கள் டர்ஹம் யுனிவர்சிட்டியில. 1711ல தொடங்கின நியூகாசில் குரான்ட் பேப்பர்ல கடை விளம்பரம். வரி வாங்குற கணக்குப்பிள்ளை இல்லாட்டி சரித்திரமே இல்ல போல, எங்க தோட்டத்துல ஆள் பேர் போட்டு சம்பளக் கணக்கு எழுதுற செக்ரோல் மாதிரி.

கரண்டிய வாங்கப் போனப்ப இதெல்லாம் பத்தர்கிட்ட கொட்டினேன், லாங்லாண்ட்ஸ் செஞ்சாரு லாங்லாண்ட்ஸ் தட்டினாருன்னு. அவரு கண்ணாடிக்கு மேல பாத்தாரு. "நான் கொழும்பு செட்டியார் தெருவுல பதினெட்டு வருசம் வேல பாத்தேன் தம்பி, நான் செஞ்ச ஒன்னுலயும் என் பேரு இல்ல. சீல் மொதலாளியோடது, சுத்தியல் எவனோடதோ." அப்புறம் திரும்ப படிச்சுப் பாத்தா அவரு சொன்னதுதான் சரி, அந்த சீல் அர்த்தம் தரத்துக்கு நான் பொறுப்புன்னு கடைக்காரர் சொல்றது, அவர் கையாலயே செஞ்சாருன்னு இல்ல. லாங்லாண்ட்ஸ் பட்டறையில எத்தனை பையன் இருந்தானோ.

வேல எப்படின்னா, மரக்கட்டை மேல வச்சு மரச்சுத்தியால தட்டி நேராக்கியிருக்காரு, சீல்ல ஒரு கீறல் இல்ல. காம்புக்கு பின்னால மூணு எழுத்து வெட்டியிருக்கு, மேல ஒன்னு கீழ ரெண்டு, குடும்பப்பேரும் புருசன் பொண்டாட்டி பேரும் அப்படி வெட்டுவாங்களாம், அந்தக்காலத்து மேசையில கரண்டிய குப்புற வைக்கிறதால பின்னால. அதுவும் அப்படியே இருக்கு. 1800 ரூவா வாங்கினாரு, சொல்லப்போனா கொறச்சல்.

கொறை: ஒரு வாரம்னு சொல்லி மூணு வாரம் இழுத்தாரு. போன் எடுக்கவே மாட்டாரு. கார்டு கெடையாது, பில்லு கேட்டா சிகரெட் பெட்டி அட்டையில எழுதித் தருவாரு, அத தொலச்சிட்டீங்கன்னா உங்க பாடு. பத்து மணிக்கு முன்ன போகாதீங்க, பூட்டித்தான் இருக்கும். மழை நாள்னா பதினொன்னு.