மைதானத்திலும் அடுப்பங்கரையிலும் ஓர் இணைய ஸ்டாப்வாட்ச்

போன ஜூன் மாதம் ஒரு காலை. கோவில்பட்டியில் நாங்கள் பயிற்சி எடுக்கிற கிரவுண்டில் ஆறு பெண்கள் 400 மீட்டர் ஓடத் தயாராக நின்றார்கள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். உள்ளே போன பொத்தான் திரும்பி வரவில்லை. பி.டி. டீச்சராக இருந்த காலமெல்லாம் என் கழுத்தில் தொங்கிய வாட்ச் அது. ஓரமாக நின்ற ஒரு பெண் தன் போனை நீட்டி, "டீச்சர், இதுல பாருங்க, நெட்லயே இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து எட்டு மாதமாக இணைய ஸ்டாப்வாட்சைத்தான் பயன்படுத்துகிறேன். ஓய்வுக்குப் பிறகு காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குக் காலையில் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன், வீட்டிலும் உடற்பயிற்சி நடக்கிறது. இரண்டு இடத்திலும் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

கூகுளில் ஸ்டாப்வாட்ச் என்று ஆங்கிலத்தில் தட்டினாலே பக்கத்தின் மேலே ஒன்று வந்துவிடும், பக்கத்திலேயே டைமரும் இருக்கும். எதையும் இறக்க வேண்டாம், காசு கிடையாது. வீட்டு வேலைக்கு இதுவே தாராளம். கிரவுண்டுக்கு மட்டும், ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தனித்தனியாகக் குறித்துவைக்கிற லேப் பொத்தான் உள்ள தனித் தளம் ஒன்றைத் திறந்துகொள்கிறேன்.

லேப் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள். 400 மீட்டர் டிராக்கில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. ஓடுகிறவன் முதல் 300 மீட்டர் முடிந்ததும் ஃபினிஷ் கோட்டைத் தாண்டுவான், அதன் பிறகு மூன்று முழுச் சுற்று. 7 நிமிடத்தைச் சமமாகப் பிரித்தால் முதல் 300-க்கு 1:24, ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் 1:52. இந்த இரண்டு எண்ணையும் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

நன்றாக ஓடக்கூடிய ஒரு பையன் எப்போதும் 7:09, 7:12 என்றே வந்து நின்றான். "டீச்சர், எனக்கு ஸ்டாமினா இல்ல" என்று அழாத குறை. அவனுடைய லேப்களை எடுத்துக் காட்டினேன்: 1:05, 1:48, 2:06, 2:10. முதல் 300 மீட்டரிலேயே 19 விநாடி முந்திப் போய், அந்தக் கடனைக் கடைசி இரண்டு சுற்றில் வட்டியோடு கட்டியிருக்கிறான். இதை வாயால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், ஏறவில்லை. திரையில் நாலு வரியாகப் பார்த்ததும் பேசாமல் நின்றான். மூன்று வாரம் கழித்து அதே டிராக்கில் 1:20, 1:50, 1:51, 1:47. மொத்தம் 6:48. அந்தப் பட்டியலை இன்னும் போனில் படமாக வைத்திருக்கிறான்.

தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தச் சுற்றின் நேரம், அதுவரையான மொத்த நேரம் இரண்டையும் காட்டுகிறதா என்று பாருங்கள். மொத்தம் மட்டும் காட்டினால் வெயிலில் நின்று கழித்தல் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

அடுத்தது புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்கள். திரையில் நூறில் ஒரு பங்கு விநாடி வரை ஓடுவதால் பிள்ளைகள் அதைப் பெரிதாக நம்பிவிடுகிறார்கள். 1:21.34 ஓடியவளும் 1:21.38 ஓடியவளும் யார் முதல் என்று முறைத்துக்கொண்டு நின்றார்கள். கண் பார்த்து விரல் அழுத்துவதற்கே ஏறத்தாழ கால் விநாடி ஆகும். அதனால்தான் தடகள விதியில், கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றி எழுதச் சொல்கிறார்கள். இருவருக்கும் 1:21.4 என்றே நோட்டில் எழுதினேன். துப்பாக்கி வைத்து ஓட்டத்தைத் தொடங்கினால் சத்தத்துக்குக் காத்திருக்காமல் புகையைப் பார்த்து அழுத்த வேண்டும். 100 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்குச் சத்தம் வந்து சேர ஏறத்தாழ 0.3 விநாடி ஆகிவிடும். ஃபினிஷ் கோட்டில் நிற்கும் நான் இப்போது விசிலை நம்புவதில்லை. எதிர்முனையில் ஒருவரைக் கொடி இறக்கச் சொல்லிப் பார்த்து அழுத்துகிறேன்.

போன் திரையில் ஒரு குறை உண்டு. பழைய வாட்சில் கண் டிராக்கில் இருக்கும்போதே கட்டைவிரல் பொத்தானைக் கண்டுபிடித்துவிடும். கண்ணாடியில் அந்தத் தடம் இல்லை. விரல் வியர்த்திருந்தால் முதல் தட்டு பதியாது. அதனால் 100 மீட்டருக்கு மட்டும் புதிதாக ஒரு கை வாட்ச் வாங்கிவிட்டேன். 400-க்கு மேலே இணையமே போதும்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் வேறு. முதலில் நான் பயன்படுத்திய தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. பத்து நிமிடம் ஸ்கிப்பிங் ஆடச் சொல்லிவிட்டு போனைப் பூட்டிப் பையில் போட்டேன். எடுத்துப் பார்த்தால் 6 நிமிடம் சொச்சம் காட்டியது. பிள்ளைகள் நாக்கு தள்ள நிற்கிறார்கள், கடிகாரமோ இன்னும் நாலு நிமிடம் பாக்கி என்கிறது! கம்ப்யூட்டர் படித்த மகன்தான் விளக்கினான். நாம் பார்க்காத பக்கங்களை பிரௌசர் வேண்டுமென்றே மெதுவாக்கும். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக 2021-லிருந்து குரோமில், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தை நிமிடத்துக்கு ஒரு முறைதான் எழுப்புவார்களாம். ஒழுங்காக எழுதிய ஸ்டாப்வாட்ச் தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து, கேட்கும்போது இப்போதைய நேரத்திலிருந்து கழித்துச் சொல்லும். தூங்கி எழுந்தாலும் தவறாது. ஒவ்வொரு விநாடியாக எண்ணிக்கொண்டிருப்பது தூங்கினால் எண்ணிக்கையை விட்டுவிடும்.

புதுத் தளம் எதுவானாலும் இப்படிச் சோதியுங்கள். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் 12-ல் வரும்போது தொடங்கி, போனைப் பூட்டி, எட்டு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் நம்பலாம். அப்புறம், திரை அணையும் நேரத்தை 10 நிமிடமாக மாற்றி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தை விரலால் கீழே இழுத்துவிடாதீர்கள், மறுபடி ஏறினால் பெரும்பாலும் எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும். சிக்னல் இல்லாத கிரவுண்டு என்றால் வீட்டிலேயே திறந்துகொண்டு போங்கள். நான் பயன்படுத்துவது ஒரு முறை ஏறிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடுகிறது.

வீட்டில் லேப்டாப்பில் முழுத்திரையாக வைப்போம். மருமகளும் நானும் டபாட்டா செய்கிறோம்: 20 விநாடி வேலை, 10 விநாடி ஓய்வு, எட்டு முறை, மொத்தம் 4 நிமிடம். ஜப்பானின் இசுமி டபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது இது. அவர் சோதித்தது சைக்கிள் இயந்திரத்தில், இனி ஒரு மிதி மிதிக்க முடியாது என்கிற எல்லை வரை. நாங்கள் செய்யும் ஸ்குவாட் அந்தக் கடுமையில் பாதிகூட இல்லை, ஆனாலும் நாலாவது நிமிடம் முடியும்போது சட்டை நனைந்திருக்கும்.

மாமியாருக்கு வயது 81. கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவோம். கால் பலத்தைப் பார்க்க முதியோருக்கு வைக்கிற சோதனைதான் அது. முதல் நாள் ஆறு. சுவர்க் கடிகாரம் அவர் கண்ணுக்குத் தெரியாது, லேப்டாப்பில் உள்ளங்கை அளவு எண் தெரிகிறது. "இன்னும் நாலு செகண்டு இருக்குல்ல, பேசாத" என்று என்னை அடக்கிவிட்டு ஒன்பதாவது முறை எழுந்தார்.

சமையலுக்கு ஸ்டாப்வாட்சைவிட டைமர்தான் நல்லது. இட்லிக்கு 12 நிமிடம் வைத்தால் மணி அடிக்கும். மீடியா சத்தத்தைக் கூட்டி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கிரவுண்டில் வேப்பமரத்தடிப் படியில் லேப்டாப்பை வைத்துவிடுகிறேன். வெயில் ஏறுவதற்குள், ஆறரை மணி வரை, ஃபினிஷ் கோட்டிலிருந்தே எண் தெரியும். முன்பெல்லாம் ஓடி முடித்ததும் "டீச்சர், எவ்வளவு?" என்று மூச்சு வாங்கக் கேட்பார்கள். இப்போது கடைசி 50 மீட்டரிலேயே கண் படிப்பக்கம் போகிறது, 2:20 என்று பார்த்தால் கை வீச்சு மாறுகிறது.