வோட்வியூ: எந்தக் கட்சி எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருக்கிறது?

அமெரிக்க அரசியல் பேசுகிறவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் உருப்படியானது எது என்று கேட்டால், வோட்வியூ என்ற இணையதளத்தைத்தான் சொல்வேன். கலிபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறை இதை நடத்துகிறது. 1789இல் கூடிய முதல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொடங்கி, பிரதிநிதிகள் சபையிலும் செனட்டிலும் உறுப்பினர் பெயரோடு பதிவான வாக்கெடுப்புகள் எல்லாம் இதில் இருக்கின்றன. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், யார் வரவே இல்லை, எல்லாம் பார்க்கலாம். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம்.

நான் ஒஹையோவில் கொலம்பஸ் பக்கம் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். குடியுரிமை வாங்கியதிலிருந்து தவறாமல் ஓட்டுப் போடுகிறேன். ஒஹையோ முன்பெல்லாம் இழுபறி மாநிலம். 2008, 2012 இரண்டிலும் ஒபாமாவுக்கு, அப்புறம் 2016, 2020, 2024 மூன்றிலும் டிரம்புக்கு. மாநிலமே இப்படித் திரும்பியிருக்கும்போது மதியச் சாப்பாட்டு மேசை மட்டும் அமைதியாக இருக்குமா?

எங்கள் பிரிவில் யங்ஸ்டவுன் பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா லார்ட்ஸ்டவுன் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனியன்காரர். தலைமுறையாக ஜனநாயகக் கட்சிக் குடும்பம். இவர் 2016 முதல் டிரம்புக்குப் போடுகிறார். கேட்டால், "நான் கட்சியை விடலை, கட்சிதான் என்னை விட்டுப் போயிடுச்சு" என்பார். ரீகன் சொல்லிப் பிரபலமான பேச்சு அது. எதிரில் உட்காருகிற நர்ஸ் சின்சினாட்டி பக்கம், புஷ்ஷுக்கு ஓட்டுப் போட்ட வீடு. 2021 ஜனவரி 6இல் டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கியதற்குப் பிறகு குடியரசுக் கட்சிப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. அவரும் அதே பேச்சைத்தான் பேசுகிறார், கட்சியின் பெயர் மட்டும் வேறு. வீட்டுக்கு வந்தால் என் கணவர், "ரெண்டு பேரும் சமமாத்தாம்மா கெட்டுப் போயிருக்காங்க, விடு" என்று முடித்துவிடுவார்.

மூன்று பேர், மூன்று வாதம். யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் இந்தத் தளத்துக்குள் போனேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கீத் பூல், ஹோவர்ட் ரோசன்தால் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1980களில் ஒரு கணக்கு முறையை உருவாக்கினார்கள். நாமினேட் என்று பெயர். மசோதாவில் என்ன எழுதியிருக்கிறது என்று அது படிப்பதில்லை. யார் யாரோடு சேர்ந்து ஓட்டுப் போடுகிறார்கள் என்பதை மட்டும் பார்த்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் எண் போடுகிறது. மைனஸ் 1 பக்கம் போனால் இடது, பிளஸ் 1 பக்கம் போனால் வலது. அடிக்கடி ஒன்றாக ஓட்டுப் போடுகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள்.

பழக்கப்பட்ட பெயர்களைப் போட்டுப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலையும், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான இல்லினாய் ராஜா கிருஷ்ணமூர்த்தியையும் தேடினேன். இரண்டு பேரும் ஒரே கட்சி. ஜெயபாலின் புள்ளி இடது ஓரத்தில் நிற்கிறது, கிருஷ்ணமூர்த்தியுடையது நடுவை நோக்கி நன்றாகத் தள்ளி இருக்கிறது. ஒரு கட்சிக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி.

சரி, விஷயத்துக்கு வருவோம். பியூ ஆய்வு மையம் 2022இல் இந்த எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டது. 1971-72இல் பிரதிநிதிகள் சபையின் ஜனநாயகக் கட்சிக்காரர்களின் சராசரி மைனஸ் 0.31. அது ஐம்பது ஆண்டில் மைனஸ் 0.38 ஆகியிருக்கிறது. குடியரசுக் கட்சியின் சராசரி அதே காலத்தில் 0.25இலிருந்து ஏறக்குறைய 0.51க்குப் போயிருக்கிறது. அன்று இரு அவைகளிலும் சேர்த்து 160க்கு மேல் இருந்த மிதவாதிகள் 2022இல் இரண்டு டஜன் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். குடியரசுக் கட்சியின் மிக மிதமான ஆள் ஜனநாயகக் கட்சியின் மிகப் பழமைவாத ஆளைவிட இடதில் இருப்பது முன்பு சகஜம். சபையில் அது 2002க்குப் பிறகு இல்லை, செனட்டில் 2004க்குப் பிறகு இல்லை.

இதைப் பார்த்ததும் நர்ஸுக்கு முகமெல்லாம் வெற்றிச் சிரிப்பு. காங்கிரஸ் ஓட்டுகளை வைத்துச் சொன்னால் அவர் பக்கம்தான் நியாயம். என் கணவரின் "சமமா" எடுபடவில்லை. ஆனால் யங்ஸ்டவுன்காரர், "அப்போ நான் இத்தனை வருஷமா கனவு கண்டுக்கிட்டிருந்தேனா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தத் தளத்தைத் திறந்து படம் பார்த்துவிட்டு மூடிப் போகிறவர்கள் தவறவிடும் இடமும் இதுதான்.

இந்த எண் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள தூரத்தைத்தான் காட்டும். இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரே திசையில் நகர்ந்தால் இதில் தெரியாது. ஒரு பாலினத் திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று மத்திய அரசுக்கு வரையறுத்த சட்டம் 1996இல் சபையில் 342-67, செனட்டில் 85-14 என்று நிறைவேறியது. கையெழுத்துப் போட்டவர் ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டன். சபையில் ஜனநாயகக் கட்சிக்காரர்களிலேயே 118 பேர் ஆதரவு. 2022இல் அதே சட்டத்தைத் தூக்கிவிட்டு ஒரு பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கொடுத்த சட்டம் 258-169 என்று சபையில் தேறியது. இந்த முறை குடியரசுக் கட்சிக்காரர்கள் 39 பேர் ஆதரவு. தரையே நகர்ந்திருக்கிறது. தரைக்கு மேல் நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில் எத்தனை அடி என்று அளந்தால் அந்த நகர்வு எங்கே தெரியும்? யங்ஸ்டவுன்காரர் பேசுவது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்களைப் பற்றி. தவிர, இது உறுப்பினர்களை அளக்கிறதே ஒழிய வாக்காளர்களை அளக்கவில்லை. தன்னை லிபரல் (இடதுபக்கச் சாய்வு) என்று சொல்லிக்கொள்ளும் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் 1994இல் 25 சதவீதம், 2024இல் 55 சதவீதம் என்று காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு சொல்கிறது. அவர் கனவு காணவில்லை.

அதனால் என் யோசனை: எல்லோரும் முதலில் ஓடிப் பார்க்கும் கட்சி வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் போதும். இந்தத் தளத்தின் ருசி தனித்தனி வாக்கெடுப்புப் பக்கங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நாட்டின் வரைபடம், கட்சிவாரிக் கணக்கு, உறுப்பினர் பட்டியல் என்று எல்லாம் ஒரே இடத்தில் வரும்.

1964 சிவில் உரிமைச் சட்டத்தின் செனட் ஓட்டைத் திறந்தேன். 73-27. ஜனநாயகக் கட்சியில் 46 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு. குடியரசுக் கட்சியில் 27 ஆதரவு, 6 எதிர்ப்பு. எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் தெற்கு மாநிலங்கள். அதே ஆண்டு தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். பின்னாலேயே தெற்கு முழுவதும் மெல்ல மெல்லக் கட்சி மாறியது. 'மிதவாதிகள்' என்று நாம் ஏங்கிப் பேசுகிற அந்தப் பழைய நடுப்பகுதியில் ஒரு பங்கு இந்த இனப் பிரிவினை ஆதரவாளர்கள்தான். அந்த ஒற்றுமையெல்லாம் கருப்பினத்தவர் உரிமையைக் கிடப்பில் போட்டுக் கட்டிக் காத்த ஒற்றுமை. பழைய காலம் பொற்காலம் என்று யாராவது ஆரம்பித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

அடுத்தது என் தொழில் சம்பந்தப்பட்டது. நான் தினமும் பில் போடுகிற மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, 1965இல் சபையில் 307-116 என்று இறுதியாக நிறைவேறியபோது குடியரசுக் கட்சிக்காரர்கள் 70 பேர் ஆதரித்தார்கள். 2010இல் ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் சபையில் 219-212. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டுகூட இல்லை, ஜனநாயகக் கட்சியிலேயே 34 பேர் எதிர்ப்பு. 2025 ஜூலையில் மெடிகெய்டு (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) செலவை வெட்டிய டிரம்பின் பெரிய வரி மசோதா 218-214. ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டும் இல்லை, குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். மூன்று பக்கத்தையும் வரிசையாகத் திறந்து வைத்துப் பார்த்தால் வேறு விளக்கமே வேண்டாம். மேசையில் இதைக் காட்டியபோது இரண்டு பக்கத்துக்காரர்களும் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் வழக்கம்போல, முதலில் ஆரம்பித்தது யார் என்பதில் மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

இனி குறைகள். சின்னக் குறைகள் இல்லை, தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டியவை.

ஜனநாயகக் கட்சியின் இடதுசாரி உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் இதில் எதிர்பார்த்த அளவு இடது ஓரத்தில் இருக்க மாட்டார். காரணம், மசோதா போதாது என்று அவர் தன் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போடும்போது, எதிர்க்கட்சியோடு ஒரே பக்கத்தில் போய் விழுகிறார். 2021 நவம்பரில் உள்கட்டமைப்பு மசோதாவுக்கு 228-206 ஓட்டு விழுந்தபோது அவரும் இன்னும் ஐந்து தோழர்களும் எதிர்த்தார்கள். கணக்குக்கு அவர் எதற்காக எதிர்த்தார் என்று தெரியாது. கென்டக்கியின் தாமஸ் மேசியும் வலது பக்கத்திலிருந்து இதே வேலையைச் செய்கிறவர். மேலே சொன்ன 2025 மசோதாவை எதிர்த்த இரண்டு பேரில் அவர் ஒருவர். ஆக, யாராவது ஓர் எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து "பாருங்க, இவங்க மிதவாதி" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்.

இதைவிடப் பெரியது குடியரசுக் கட்சியின் லிஸ் செய்னி விவகாரம். இந்த அளவுகோலில் செய்னி அசல் பழமைவாதி, வலது பக்கம் உறுதியாக நிற்கிறார். அதே கட்சியின் எலிஸ் ஸ்டெபானிக் அவரைவிட எவ்வளவோ நடுவில். 2021 ஜனவரியில் பென்சில்வேனியாவின் தேர்தல் முடிவை ஏற்கக் கூடாது என்று சபையில் ஓட்டுப் போட்ட 138 குடியரசுக் கட்சிக்காரர்களில் ஸ்டெபானிக் உண்டு, செய்னி இல்லை. மே மாதம் செய்னியைக் கட்சிப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஸ்டெபானிக்கை உட்கார வைத்தார்கள். 2022இல் சொந்தத் தொகுதி உட்கட்சித் தேர்தலிலும் செய்னி தோற்றார். எண்ணை மட்டும் பார்த்தால் கட்சி நடுவுக்கு வந்துவிட்டது என்று எழுத வேண்டியிருக்கும்! நர்ஸ் கட்சியை விட்டதற்குக் காரணம் வரியோ பட்ஜெட்டோ இல்லை, அந்த ஒரு நாள்தான். அந்த நாளுக்கு இந்த அளவுகோலில் தனி இடம் இல்லை. எது தீவிரம் என்று வாக்காளர்கள் சண்டை போடுகிறார்களோ, அதில் பாதி இங்கே அளக்கப்படவே இல்லை.

இன்னொன்று, முகப்பில் காட்டும் எண் ஓர் உறுப்பினருக்குக் காங்கிரஸில் இருந்த காலம் முழுக்க ஒன்றுதான். நடுவில் மனம் மாறியவரை அது காட்டாது. ஒவ்வொரு காங்கிரஸுக்கும் (இரண்டு ஆண்டுக் காலம்) தனியாகப் போட்ட நோக்கன்-பூல் எண்களும் தரவுக் கோப்பில் உண்டு, இறக்கிக்கொள்ளலாம். எக்செல் தெரிந்தவர்களுக்குக் கஷ்டமில்லை. மற்றவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம். உதவிப் பக்கங்களும் பேராசிரியர் நடையில்தான் இருக்கும், தயாராகப் போங்கள். கைப்பேசியைவிடப் பெரிய திரையில் பார்ப்பது நல்லது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது செய்னிக்காக. ஒரு கட்சியில் ஊறிப்போய், எதிராளியை மடக்க ஓர் எண் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வேண்டியது கிடைக்கும், அதுதான் பிரச்சினை. புதிதாகக் குடியுரிமை வாங்கி முதல் ஓட்டுப் போடப் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள். உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரைத் தட்டி, அவர் கடைசியாகப் போட்ட பத்து இருபது ஓட்டுகளைப் படியுங்கள். கட்சி வரைபடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.