நான் போகும் தெரபிஸ்ட்: அன்பைப் பற்றி ஒரு மதிப்பீடு

அம்மா போன பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. அதற்காகத்தான் கவுன்சலிங் போக ஆரம்பித்தேன். தூக்கம் சீக்கிரமே சரியாகிவிட்டது, அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது: தெரபிஸ்ட் மேல் நமக்கு வரும் அன்பு. அதை அவர் எப்படிக் கையாள்கிறார் என்பதை வைத்துத்தான் நான் இவருக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

எனக்கு வந்தது காதல் இல்லை. ஆனால் தீவிரத்தில் அதற்குக் குறைந்ததும் இல்லை. மற்றவர்கள் பேசுவதையும் இவர் இப்படித்தான் கேட்பாரா என்று நினைத்தாலே வயிற்றைப் பிசையும். இதற்கு முன்பு போன வேறொருவரிடம் இப்படி ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது, "அதெல்லாம் சகஜம்" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அங்கே எனக்கு வாயே திறக்கவில்லை.

இவரிடம் ஒரு நாள் நேராகவே கேட்டேன்: "நான் பணம் தருவதால்தான் என்னிடம் இவ்வளவு அன்பாக இருக்கிறீர்களா?" கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "இல்லவே இல்லை" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ, "இதைக் கேட்கணும்னு எவ்வளவு நாளாக மனசில் வைத்திருந்தீங்க?" என்றார். மீதி நேரம் முழுக்க அதிலேயே போனது. நன்றாகப் படிப்பதால்தான் என்னைப் பிடிக்கிறதா என்று அம்மாவிடம் நான் கேட்காமலே விட்ட கேள்விதான் அது என்பது பேசப் பேசப் புரிந்தது. கிளம்பும்போது சொன்னார்: "உங்கள் மேல் எனக்கு அக்கறை இருக்கிறது. கட்டணமும் வாங்குகிறேன். இரண்டும் உண்மைதான்." அந்த நேர்மைக்கே நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அன்பின் வழியாகத்தான் மனம் குணமாகிறது என்று, உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய ஃப்ராய்ட் 1906-லேயே மனநல மருத்துவர் யுங்குக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம் பழைய உறவுகளின் உணர்வுகள் தெரபிஸ்ட் மேல் வந்து இறங்குவதைத்தான் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறார்கள். அந்த அன்பை அடக்கச் சொல்லவும் கூடாது, அதற்கு இணங்கிப் போகவும் கூடாது, பேசித்தான் பார்க்க வேண்டும் என்பது 1915-ல் ஃப்ராய்ட் எழுதியது. தெரபிஸ்டின் பக்கமிருந்து வருவதைப் பற்றிப் பேசியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். எந்த நிபந்தனையும் வைக்காமல் எதிரே இருப்பவரை மதித்து ஏற்பது, தெரபியில் ஒருவர் மனதளவில் மாறுவதற்குத் தேவையான ஒன்று என்று 1957-ல் சொன்னார். அப்படி ஏற்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அம்மா மேல் இருந்த கோபத்தை முதல்முறை வாய்விட்டுச் சொன்னபோது, இவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

எல்லைகளில் இவர் கறார். 50 நிமிடம் என்றால் 50 நிமிடம்தான். ஆனால் பத்து நிமிடம் முன்பே சொல்லிவிடுவார், அழுகையின் நடுவில் எழுப்பி அனுப்புவதில்லை. நேரம் மாற்ற வேண்டுமென்றால் மெசேஜ் அனுப்பலாம், மனசில் இருப்பதை அதில் கொட்ட முடியாது. ஆரம்பத்தில் இது எனக்கு வலித்தது உண்மை. இப்போது யோசித்தால், அந்த எல்லை இருக்கும் தைரியத்தில்தான் எதை வேண்டுமானாலும் என்னால் பேச முடிகிறது. தெரபியில் இருப்பவரோடு பாலுறவு அறவே கூடாது, தெரபி முடிந்தும் குறைந்தது 2 ஆண்டுகளுக்குக் கூடாது, அதற்குப் பிறகும் மிக அபூர்வமாகத்தான் ஏற்கலாம் என்கிறது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை. உங்கள் தெரபிஸ்ட் அந்தப் பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்தாலும், அன்பு என்று நம்பி நிற்காதீர்கள். வெளியே வந்து புகார் கொடுங்கள்.

குறை என்றால், அவர் விடுப்பில் போகும் வாரங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறார், ஆனால் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார். அதைத் திருத்திக்கொள்ளலாம்.

புதிதாகப் போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே ஒன்று கேளுங்கள்: "உங்கள் மேல் எனக்கு அன்போ கோபமோ வந்தால், அதை உங்களிடமே பேசலாமா?" பதில் சொல்ல அவர் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.