டிரைகிளிசரைடு: 280-க்கு ஒரு வழி, 1,100-க்கு வேறு வழி

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையா, டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரையா, மீன் எண்ணெயா? பரிசோதனைச் சீட்டில் டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) ஏறியிருந்தால் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

டிரைகிளிசரைடு 1,000-ஐத் (மி.கி./டெ.லி.) தாண்டிய ரத்தத்தைக் குழாயில் சற்று நேரம் நிற்க வையுங்கள். மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டிய இடத்தில் பால் போல வெளுத்து நிற்கும். இங்கே முதல் பயம் கணையம் அழற்சி கண்டுவிடுமோ என்பதுதான். 500-ஐத் தாண்டும்போதே அந்த பயம் தொடங்கிவிடும். டிரைகிளிசரைடை ஸ்டேட்டின் 10 முதல் 30 சதவீதம் இறக்கும். ஃபெனோஃபைப்ரேட் 30 முதல் 50 வரை இறக்கும். அதனால் இங்கே ஃபெனோஃபைப்ரேட்தான் முன்னால் நிற்கிறது. மதுவை அடியோடு விட வேண்டும். எண்ணெய், நெய், தேங்காய் எல்லாமே வெகுவாகக் குறைய வேண்டும்.

200, 300 என்றால் கதை வேறு. இங்கே காப்பாற்ற வேண்டியது இதயத்தை. அதற்கு ஸ்டேட்டின்தான் நம்பகமானது. ஸ்டேட்டினோடு ஃபெனோஃபைப்ரேட்டைச் சேர்த்துப் பார்த்த அக்கார்ட் ஆய்வில் (2010) மாரடைப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. 2022-இல் வந்த ப்ராமினென்ட் ஆய்வில், ஃபெனோஃபைப்ரேட்டின் இனத்தைச் சேர்ந்த பெமாஃபைப்ரேட் டிரைகிளிசரைடைக் கால் பங்கு இறக்கியது. இதயத்துக்குப் பலன் இல்லை. சீட்டில் எண் இறங்கினால் போதும் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்துவிட்டது.

மீன் எண்ணெய் விஷயம் இன்னும் சிக்கல். ரெட்யூஸ்-இட் ஆய்வில் தினம் 4 கிராம் ஐகோசபென்ட் எத்தில் (மீன் எண்ணெயிலிருந்து சுத்திகரித்த இ.பி.ஏ. மருந்து) இதயப் பாதிப்புகளை 25 சதவீதம் குறைத்தது. ஆனால் ஒப்பீட்டுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே மறுதரப்புக்குக் கெடுதல் செய்ததோ என்ற சர்ச்சை ஓயவில்லை. மீன் எண்ணெயில் உள்ள இரு ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் கலந்த மருந்தைப் பார்த்த ஸ்ட்ரெங்த் ஆய்வு (2020) தோற்றது. இரண்டிலுமே இதயத் துடிப்புக் கோளாறு கூடியது. கடையில் விற்கும் குப்பியோ முன்னால் 1,000 மி.கி. என்கிறது, திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 தான். 4 கிராம் சேர 13 மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும்! அதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

"எண்ணெயை நிறுத்திட்டேன் டாக்டர், குறையவே இல்லை" என்பவரிடம் சோற்றைப் பற்றிக் கேளுங்கள். மூன்று வேளையும் அரிசி, இடையில் சர்க்கரை போட்ட காபி. மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே டிரைகிளிசரைடு சுமார் 20 சதவீதம் இறங்கும். 200, 300 அளவில் இந்த எண்ணை இறக்க என் ஓட்டு சாப்பாட்டுத் தட்டுக்குத்தான், அதற்கான மருந்து அப்புறம்.

ஆனால் கட்டுப்படாத சர்க்கரை நோயோ தைராய்டு குறைவோ ஒளிந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் முழுசாக வேலை செய்யாது. ஹெச்பிஏ1சி (மூன்று மாத சர்க்கரை சராசரி), டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை) இரண்டையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.