ஷிரகவா-கோ, கொகயாமா, தகயாமா: பட்டு மாவட்டத்துக்காரர்கள் போனால் எதைப் பார்க்கலாம், எதைச் சாப்பிடலாம்

ஜப்பான் சுற்றுலா என்று கேட்டால் ஓசூரிலும் பெங்களூரிலும் டூர்க்காரர்கள் நீட்டும் அட்டவணை ஏறக்குறைய ஒன்றுதான். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, நடுவில் அரை நாள் ஷிரகவா-கோ என்ற மலைக்கிராமம். தகயாமா நகரத்தில் காலையில் பஸ் ஏற்றுவார்கள், மலைமேல் இருக்கும் பார்வை மேடையில் போட்டோ எடுக்க விடுவார்கள், இரண்டு மணி நேரத்தில் திரும்பக் கூட்டி வந்துவிடுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு இது போதவே போதாது. அந்த ஊரின் வைக்கோல் கூரைகள் அவ்வளவு உயரமாக எழுந்ததற்குப் பட்டுப்புழு ஒரு முக்கியக் காரணம். பென்னாகரம், பாலக்கோடு, தளி, சூளகிரிப் பக்கம் மல்பெரி தோட்டம் வைத்திருக்கும் அப்பா அம்மாவை ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள் ஜப்பானுக்குக் கூட்டிப் போவதாக இருந்தால், முதல் இடம் இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான். டோக்கியோ கோபுரம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் பட்டுச் சந்தைக்கும் ஜப்பானுக்கும் ஏற்கெனவே உறவு உண்டு. 1991-ல் தொடங்கி 2007 வரை ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைகாவும் நம் மத்திய பட்டு வாரியமும் கட்டம் கட்டமாகச் சேர்ந்து நடத்திய திட்டத்தில்தான் மைசூர் ஆராய்ச்சி நிலையத்தின் சி.எஸ்.ஆர். என்ற பைவோல்டின் (வருடத்துக்கு இரண்டு தலைமுறை காணும்) பட்டுப்புழுக் கலப்பினங்கள் உருவாயின. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் வெள்ளைக் கூடுகளின் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. இந்த விவரம் தெரிந்து போகிறவர்களுக்கு அங்கே ஒவ்வொரு மாடிப்படியும் வேறு மாதிரித் தெரியும்.

ஷிரகவா-கோவின் முக்கியமான கிராமம் ஒகிமாச்சி. பக்கத்து வட்டாரமான கொகயாமாவின் ஐனொகுரா, சுகனுமா என்ற இரண்டு சிற்றூர்களோடு சேர்த்து 1995-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. கஸ்ஷோ வீடு என்று அழைக்கப்படும் இந்த வீடுகளின் கூரைச் சரிவு சுமார் 60 டிகிரி. குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்குப் பனி விழும் ஊர் இது. சரிவு குறைந்தால் பனியின் எடை கூரையை அழுத்திவிடும். கூரைச் சட்டத்தில் ஆணி கிடையாது. பெரிய சாய்வு மரங்களின் அடிமுனையைப் பென்சில் போலச் சீவி, கீழே கிடக்கும் உத்தரத்தின் குழியில் நிறுத்தியிருக்கிறார்கள். காற்று அடித்தால், நிலம் நடுங்கினால், கூரை சற்றே அசைந்து கொடுத்துத் திரும்ப நிற்கும். கட்டுகளுக்கு வைக்கோல் கயிறும், பச்சையாக இருக்கும்போதே முறுக்கிக் கட்டும் ஒருவகை இளங்கொம்பும் பயன்படுகின்றன. காயக் காய அந்தக் கொம்பு இறுகும்.

ஒகிமாச்சியில் உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய வீடுகளில் பெரியது வதா வீடு. கட்டணம் சில நூறு யென்தான். கீழ்த்தளத்தில் கலைப்பொருள்களைப் பார்த்துவிட்டுப் பலர் வெளியேறிவிடுகிறார்கள். மேலே ஏறுங்கள். மாடித்தளத்தில் நெருக்கமான பலகை கிடையாது, இடைவெளி விட்ட தட்டிகள். கீழே கூடத்து அடுப்பில் எரியும் நெருப்பின் சூடு அந்த இடைவெளி வழியாக மேலே ஏறிப் புழுத் தட்டுகளைச் சேர்ந்தது. இரண்டு முக்கோண முகப்பிலும் ஜன்னல்கள் இருப்பதால் அவற்றைத் திறந்தால் காற்று நேராக ஓடும். நம்மூரில் இளம்புழுவுக்கு 27, 28 டிகிரியும், முதிர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் வைக்க வெயிலோடு போராடுகிறோம், ஈரச் சாக்கு தொங்கவிடுகிறோம். அவர்களுக்குப் போராட்டம் குளிரோடு. அதனால்தான் தனி மனை கட்டாமல் குடும்பத்தின் அடுப்புக்கு மேலேயே புழுவை வைத்தார்கள். அதே அடுப்பின் புகை கயிற்றிலும் மரத்திலும் கரியாகப் படிந்து பூச்சியையும் அழுகலையும் தள்ளி வைத்தது. உத்தரத்தைப் பார்த்தாலே அந்தக் கறுப்பு மினுக்கம் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. படிகள் செங்குத்து, ஏணிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும், தேய்ந்த மரத்தில் சாக்ஸ் வழுக்கும். மூட்டு வலி இருக்கும் பெரியவர்கள் இறங்கும்போது படியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினால் பயமில்லை.

இன்னொரு விஷயத்தை நம் விவசாயிகள் கட்டாயம் பார்க்கவேண்டும், அது கொகயாமாவின் சுகனுமாவில் இருக்கிறது. வீட்டுத் தரைக்கு அடியில் குழி வெட்டி, மண்ணோடு புழு எச்சத்தையும் காட்டுச் செடிகளையும் அடுக்கி, சில வருடம் மக்கவிட்டு, அதிலிருந்து வெடியுப்பு காய்ச்சினார்கள். துப்பாக்கி மருந்துக்கான அந்த உப்பு ககா சமஸ்தானத்துக்குப் போனது. வெளியாள் எளிதில் நுழைய முடியாத பள்ளத்தாக்கு என்பதால் இந்தத் தொழிலுக்கு இடம் தோதாக அமைந்தது. நாம் மல்பெரிக்கே எருவாகத் திருப்பிப் போடும் எச்சத்திலிருந்து அவர்கள் அரசாங்கத்துக்கே சரக்கு எடுத்திருக்கிறார்கள். இதற்கென்றே சுகனுமாவில் ஒரு சிறிய காட்சிக்கூடம் உண்டு, அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கூரை வேய்வதும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கூரைப் புல் சுமார் முப்பது, நாற்பது வருடத்துக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது. ஊர் கூடி, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஏறி, ஒரு பக்கத்துக் கூரையை ஒரே நாளில் முடிப்பதுதான் பழைய வழக்கம். நம் ஊர்ப்பக்கம் மாற்றாள் வைத்து நடவு முடிப்பது போலத்தான், கணக்கு கூலியில் இல்லை, கைம்மாற்றில். 1971-ல் ஒகிமாச்சிக்காரர்கள் வீட்டை விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம் என்று தங்களுக்குள் எழுதி வைத்துக்கொண்டார்கள். இன்றும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். முற்றத்தில் நுழைவது, காயும் துணிக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பது எல்லாம் வேண்டாம். சிகரெட் குறித்த இடத்தில் மட்டும். ஒரு தீப்பொறி பட்டால் ஊரே போய்விடும்.

பயண விவரம். பெங்களூரிலிருந்து ஜப்பான் ஏர்லைன்ஸ் நேராக டோக்கியோவின் நரிதா விமான நிலையத்துக்குப் பறக்கிறது. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் புல்லட் ரயிலில் நகோயா, அங்கிருந்து 'ஹிதா' விரைவு ரயிலில் தகயாமாவுக்கு இரண்டரை மணி நேரத்துக்குள். அந்த ரயில் கிஃபு நிலையத்தில் திசை மாறும். அதனால் நகோயாவில் ஏறியதும் இருக்கை எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும், தவறான பெட்டியோ என்று பதறவேண்டாம், இருபது நிமிடத்தில் சரியாகிவிடும். தகயாமா ஸ்டேஷனை ஒட்டியிருக்கும் பஸ் நிலையத்திலிருந்து ஒகிமாச்சிக்கு சுமார் 50 நிமிடம். வழியில் 10.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஹிதா சுரங்கம், 2008-ல் திறந்தது.

இங்கே பணம் வீணாகும் இடம் ஒன்று உண்டு. நாடு முழுக்கச் செல்லும் ஜே.ஆர். ரயில் பாஸ் இந்தப் பஸ்ஸுக்குச் செல்லாது. தகயாமா-ஹொகுரிகு வட்டார பாஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஐந்து நாளுக்கானது, ரயிலும் ஷிரகவா-கோ பஸ்ஸும் அதிலேயே அடங்கும். இந்தப் பக்கம் மட்டும் சுற்றுகிறவர்கள் அதை வாங்குவதே சரி. பஸ்களில் சில முன்பதிவு கட்டாயமானவை, சில வரிசையில் நின்று ஏறுபவை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வரிசைப் பஸ்ஸை நம்பினால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரும். பெரிய பெட்டிகளைத் தகயாமா லாட்ஜிலேயே கொடுத்து, டக்யூபின் கூரியரில் டோக்கியோ லாட்ஜுக்கு அனுப்பிவிடலாம். கிராமத்தில் பெட்டி வைக்க இடம் குறைவு.

இப்போது சாப்பாடு. சைவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தாஷி. உலர்த்திய மீனில் இறக்கிய சாறு அது. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் குழம்பு, வேகவைத்த காய், முட்டைப் பொரியல் எல்லாவற்றிலும் இருக்கும். "கறி போடாதீர்கள்" என்று சொன்னால் கறியை மட்டும் எடுத்துவிட்டு மீன்சாற்றில் கொடுப்பார்கள், அவர்கள் கணக்கில் அது சைவம்தான். "நிகு மோ சகானா மோ தபெமாசென், தாஷி மோ தமே தெசு" என்று முழுதாகச் சொல்லவேண்டும், போனில் ஜப்பானிய எழுத்திலும் வைத்துக் காட்டவேண்டும். தகயாமாவில் கோயில் முறைப்படி சமைக்கும் ஷோஜின் உணவு கிடைக்கிறது, விலை அதிகம், முன்பதிவு இல்லாமல் போனால் கிடைக்காது.

கவலையில்லாமல் சைவர்கள் கைவைக்கக்கூடியவை தெருவில்தான் இருக்கின்றன. தகயாமாவின் மிதராஷி தாங்கோ, குச்சிக்கு ஐந்து அரிசிமாவு உருண்டை, சோயா சாஸ் தடவித் தணலில் சுட்டது. மற்ற ஊர்களில் இனிப்புப் பாகு ஊற்றுவார்கள், இங்கே உப்புச் சுவைதான், நம் நாக்குக்கு இதுவே பொருத்தம். கொஹெய்மொச்சி என்பது பாதி மசித்த சாதத்தைத் தட்டி, எகொமா என்ற எண்ணெய் விதையை அரைத்துப் பூசிச் சுடுவது. பேயெள்ளுத் துவையல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை பிடித்துப்போகும். காலைச் சந்தைகள் இரண்டு, மியகவா ஆற்றோரம் ஒன்று, ஜின்யா என்ற பழைய அரசு அலுவலகத்தின் எதிரில் ஒன்று. ஏழு மணிக்குத் தொடங்கி (குளிரில் எட்டு) நண்பகலுக்குள் முடிந்துவிடும். அங்கே பாட்டிகள் விற்கும் சிவப்பு முள்ளங்கி போன்ற கபு ஊறுகாயை ருசி பார்த்து வாங்கலாம். சில்லறைக் கடைகளில் கார்டு எடுபடாது, ரொக்கம் வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய பதார்த்தம் என்றால் ஹோபா மிசோ. காய்ந்த மக்னோலியா இலை, நம் உள்ளங்கை இரண்டு சேர்த்த அகலம். அதைத் தண்ணீரில் ஊறவைத்துச் சின்ன மண் அடுப்பின் மேல் விரித்து, மிசோவும் வெங்காயத்தாளும் காளானும் வைப்பார்கள். ஓரம் சிவந்து குமிழி விட ஆரம்பித்ததும் குச்சியால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளித் தள்ளிக் கிளறவேண்டும். சும்மா விட்டால் மிசோ கரிந்து கசக்கும், ஊறாத இலை என்றால் ஓட்டை விழும். கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுச் சூடான சாதத்தோடு சாப்பிடவேண்டும், தனியாகத் தின்றால் உப்பு கரிக்கும். மிசோவில் தாஷியோ கறியோ கலந்திருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

அசைவர்களுக்கு ஹிதா மாட்டிறைச்சி புகழ்பெற்றது. கிஃபு மாநிலத்தில் 14 மாதங்களுக்குக் குறையாமல் வளர்த்து, தரம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் அந்தப் பெயர். கொழுப்பு அதிகம், ஒரு குச்சி போதும், தட்டு நிறைய வாங்கினால் பாதியிலேயே திகட்டிவிடும். மாடு சாப்பிடாதவர்கள் கொரொக்கே (எண்ணெயில் பொரித்த கட்லெட்), பன் போன்றவற்றில் 'கியூ', அதாவது மாட்டிறைச்சி, இருக்கிறதா என்று கேட்டு வாங்கவேண்டும்.

இரவுக்கு எங்கள் தேர்வு ஒகிமாச்சி இல்லை, ஐனொகுரா. இருபதுக்குச் சற்று மேற்பட்ட கஸ்ஷோ வீடுகள், கூட்டம் மிகக் குறைவு. இரவு உணவு ஆறு மணிக்கே பரிமாறப்படும், ஏழு மணிக்கு வந்து நின்றால் அடுப்பு ஆறியிருக்கும். உப்பு பூசித் தணலோரம் நிறுத்திச் சுட்ட இவனா மீன், மலைக்கீரை வறுவல், கொகயாமா டோஃபு (சோயாப் பாலில் செய்த கட்டி) வரும். இந்த டோஃபு கயிறு கட்டித் தூக்கும் அளவுக்குக் கெட்டி, பன்னீர் சாப்பிடுகிறவர்களுக்குப் பிடிக்கும். அறைகளுக்கு நடுவே காகிதக் கதவுதான், கழிப்பறை பொது. சைவம் என்றால் முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள், முடியாது என்று சில வீடுகள் நேராகவே சொல்லிவிடும். அப்படிப்பட்ட வேளைக்குப் பருப்புப் பொடி கைகொடுக்கும், வெறும் சாதம் எங்கும் கிடைக்கும். ஆனால் கிருஷ்ணகிரி மாம்பழத்தையும் பச்சைக் கறிவேப்பிலையையும் பெட்டியில் வைக்காதீர்கள். பயிர்நலச் சான்றிதழ் இல்லாத பழம், இலை எதையும் ஜப்பான் விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.

மே, ஜூன் தொடக்கம், அல்லது அக்டோபர் பிற்பாதி நம்மவர்களுக்கு ஏற்ற பருவம். பனிக்காலத்தில் போனால் பிடிமானமுள்ள பூட்ஸ் கட்டாயம். ஒகிமாச்சியின் குளிர்கால விளக்கு இரவுகளுக்கு முன்பதிவு இல்லாமல் உள்ளே போகமுடியாது. ஐனொகுராவிலிருந்து திரும்ப, பாரம்பரியத் தலங்களை இணைக்கும் பஸ்ஸில் ஷின்-தகஒகா ஷின்கான்சென் நிலையத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் அளவே பஸ்கள், காலைப் பஸ்ஸின் நேரத்தை முந்தைய நாளே வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.