14,500 ரூபாய் டிடெக்டர், மூன்று கிலோ ஈயம், நாலு கிராம் வெள்ளி

போன ஐப்பசியில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். உச்சிப்புளியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு அது எதற்கு என்று வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வருடம் அரியமானிலும் மண்டபம் பக்கத்திலும் கடற்கரை மணலில் பழைய வெள்ளிக் காசு தேடி அலைந்தாயிற்று, இனி எழுதலாம்.

ஒரே மெஷினுக்கு ஏழெட்டுப் பெயர் ஒட்டி இணையத்தில் விற்கிறார்கள், ஆகவே பெயர் சொல்லிப் பயனில்லை. அடையாளம் இதுதான்: ஒற்றை அலைவரிசை, 8 கிலோஹெர்ட்ஸ், ஒன்பது அங்குலக் காயில் (coil, மணலுக்கு மேலே ஆட்டும் வட்டக் கம்பிச்சுருள்), நாலு பென்சில் பேட்டரி, 0 முதல் 99 வரை எண் காட்டும் சின்னத் திரை. பெட்டி வந்த அன்றே திருகைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டேன், தொழில் புத்தி. போர்டு வேலை சுத்தம். பேட்டரி மூடியில்தான் ரப்பர் வளையம் இல்லை. பெட்டியில் கடற்கரைப் படம் போட்டு விற்கிற பொருள்! மார்கழிக்குள் பேட்டரி முனைகள் பச்சை பூத்துவிட்டன. சுரண்டிவிட்டு, மூடியைச் சுற்றி சிலிகான் பசை பூசினேன். அதன் பிறகு தொல்லை இல்லை.

காய்ந்த மணலில் நன்றாகவே வேலை செய்கிறது. ஈர மணலுக்குப் போனால் பேய் பிடித்த மாதிரி கத்துகிறது. அந்தக் கம்பிச்சுருள் அனுப்பும் காந்தப்புலத்துக்கு உலோகம் பதில் சொல்வது போல உப்புத் தண்ணீரும் பதில் சொல்லும், ஏனென்றால் அதிலும் மின்சாரம் ஓடும். ஒரே அலைவரிசை இரண்டையும் பிரித்தறியத் திணறுகிறது. பல அலைவரிசை மெஷின்கள் இதைச் சமாளிக்கும், விலை பல மடங்கு. சென்சிடிவிட்டியை, அதாவது மெஷினின் உணர்திறனை, பாதிக்குக் குறைத்தால் இது அடங்கும், ஆனால் சின்னக் காசும் சேர்ந்தே அடங்கிவிடும். அலை தொடும் இடத்தை விட்டுவிட்டு மேட்டு மணலிலேயே தேடுங்கள்.

அடுத்தது திரையில் வரும் எண், அடியில் கிடப்பது என்ன உலோகம் என்று ஊகிக்க. அப்பத்தாவின் சுருக்குப்பையில் இருந்த வெள்ளி ஒரு ரூபாயைக் கடை மேசையில் வைத்துப் பார்த்தேன். 88, அசையவில்லை. சரி, வெள்ளி என்றால் 80க்கு மேல் என்று முடிவு கட்டி, அதற்குக் கீழே எது வந்தாலும் தோண்டாமல் விட்டேன். ஒரு மாதம் வீண். காசு சின்னதாகி மெலிந்தால் எண்ணும் இறங்கும். இரண்டணா வெள்ளிக் காசு 58க்கும் 64க்கும் இடையில் குதிக்கிறது. அதே இடத்தில்தான் வலையில் கோர்க்கும் ஈயமணியும் வருகிறது! நம் கரையில் ஈயமணிக்குப் பஞ்சமா? வலை கிழிந்த இடமெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. இரண்டையும் பிரிக்க இந்த மெஷினில் வழியில்லை, எல்லாவற்றையும் தோண்டித்தான் ஆக வேண்டும். இதுவரை மூன்று கிலோ ஈயம் எடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மாமா வலைக்கு வாங்கிக்கொள்கிறார். "தம்பி, அந்தக் குச்சிய எடுத்துக்கிட்டு நாளைக்கும் போயிட்டு வா" என்று அவர் மட்டும்தான் உற்சாகம் கொடுக்கிறார்.

முதல் காசு கிடைத்தது, இரவெல்லாம் வாடைக்காற்று அடித்து ஓய்ந்த ஒரு காலை. அலை மணலை அரித்து முழங்கால் உயரத்துக்குப் படி வெட்டியிருந்தது. அதன் அடியில், நாலு விரல் ஆழத்தில், மீன் செதில் போல ஒரு கறுப்புத் துண்டு. தூக்கி எறியப் போனேன். விளிம்பு வட்டமாக இருந்ததால் பையில் போட்டேன். கடையில் போர்டு பார்க்கும் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால் ஐந்தாம் ஜார்ஜ், 1916. இரண்டணா. அச்சடித்தபோது 1.46 கிராம், நகைக்கடைத் தராசில் இப்போது 1.4. அந்தக் கால ரூபாய் 11.66 கிராம், அதில் எட்டில் ஒரு பங்கு, 91.7 சதவீதம் வெள்ளி. 1918இல் இரண்டணாவைச் சதுரமாக, செம்பும் நிக்கலும் கலந்து அடிக்கத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் இந்திய இரண்டணா வட்டமாக இருந்தால் வெள்ளிதான்.

இரண்டாவதும் இரண்டணா. அதை அம்மா, குத்துவிளக்குத் துலக்குவது போல, புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்துவிட்டார். பளபளவென்று இருக்கிறது, ராஜாவுக்கு மூக்கு இல்லை. கறுப்பு இருந்தால் இருக்கட்டும், நல்ல தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் போதும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. மண்டபத்துக்கு வடக்கே கிடைத்த சிலோன் பத்து சென்ட். இரண்டணாவைவிட மெல்லியது, நடுவே பனை போல ஒரு மரம். தோட்ட வேலைக்குச் சிலோன் போனவர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்துத்தான் அனுப்பினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், 1964 புயல் வரை. போனவர் கையிலிருந்து விழுந்ததா, திரும்பியவர் மடியிலிருந்து விழுந்ததா, மெஷின் அதைச் சொல்லாது.

பெட்டியில் ஒரு மீட்டர் ஆழம் என்று போட்டிருக்கிறது. இரும்பு அண்டாவுக்கு வேண்டுமானால் சரி. இரண்டணாவுக்கு ஆறு விரல் தாண்டாது.

வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. அக்கரையிலிருந்து படகில் வரும் தங்கத்தைக் கடலில் போட்டுவிட்டுப் போகும் செய்திகள் நம் பக்கம் அடிக்கடி வருகின்றன. டிடெக்டரோடு கரையில் நடப்பவனைக் காவலர்கள் சும்மா விடுவார்களா? என்னை இரண்டு முறை நிறுத்தினார்கள். பையில் ஈயமணி தவிர எதுவும் இல்லாததால் சிரித்துவிட்டு விட்டார்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். ரோமானியக் காசுகள் கிடைத்த அழகன்குளம் பக்கம் மெஷினோடு போகவே போகாதீர்கள், அது அகழாய்வு நடந்த மண். 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நானும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் "வெள்ளி எவ்வளவு?" என்றார். நாலு கிராம் என்றேன். "கிலோவா?" என்றார். கிராம்தான் என்று மறுபடி சொன்னேன். முத்திரை குத்தி நகலைத் தந்தார்.

மெஷினை விலைக்குத் தருவாயா என்று போன வாரம் ஒரு வாடிக்கையாளர் கேட்டார். இப்போதுதான் வாடை கிளம்பியிருக்கிறது. தை பிறக்கட்டும், பேசலாம் என்றேன்.