இலைமணி வாங்குகிறவர்கள் கோக்கும் முன் ஒன்றைத் தேய்த்துப் பாருங்கள்

பச்சைக் கண்ணாடியிலேயே செய்த இலைமணி, அதாவது இலை வடிவ மணி, என்று சொல்லி எனக்கு விற்றது, நிறமில்லாத கண்ணாடிமேல் பச்சைச் சாயம் பூசிய மணி. அது தெரியவந்தபோது ஆரம் கோத்து முடிந்து, தோழியின் கழுத்திலும் ஏறிவிட்டது.

பொட்டலத்தைப் பிரித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு இலையிலும் நடுநரம்பு பதிந்திருந்தது, நுனி கூர்மையாக இருந்தது. காம்புப் பக்கம் குறுக்கே துளை. இந்த மணிகளை நெருக்கிக் கோத்தால் ஒன்றையொன்று இடித்துத் திரும்பிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு இலைக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் பாசிமணி இரண்டு வைத்தேன். நடுவில் மட்டும் சொட்டு வடிவத் தொங்கல் மூன்று. மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை. சில மணிகளில் துளையோரம் வெள்ளையாகத் தெரிந்தது. தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டுக் கோத்தேன். உண்மையில் அது சாயம் பெயர்ந்து, அடியில் இருந்த கண்ணாடி தெரிந்த இடம்.

தோழி அதைப் போட்டுக்கொண்டு போன விழாவில் வியர்வை பட்டதும் பச்சை இறங்கி, அவள் சட்டைக் கழுத்தில் கறையாகப் படிந்தது. இரண்டு நாள் கழித்து ஆரமும் அறுந்தது. இலை தொங்கி ஆடும்போதெல்லாம் துளையின் விளிம்பு நூலில் உரசும். விளிம்பு வழவழப்பாக இருந்தால் பரவாயில்லை. இந்த மணிகளில் அது உடைந்த கண்ணாடி மாதிரி இருந்ததால் நூலை அறுத்துவிட்டது. கறையோடு சட்டையை எடுத்துவந்து அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

விற்றவர்களுக்கு எழுதினேன். வாசனைத் திரவியம் பட்டிருக்கும் என்றார்கள். பிறகு, கோத்த மணியைத் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். மிச்சமிருந்த இலைகளில் ஒன்றை நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்தேன். பஞ்சு பச்சையானது, இலை தண்ணீர் நிறத்தில் நின்றது. என் பெட்டியில் இருந்த பழைய இலைமணியை அதேபோலத் தேய்த்தபோது எதுவும் வரவில்லை. இரண்டையும் படமெடுத்து அனுப்பினேன். அதோடு பதில் நின்றுபோனது.

மேற்பூச்சு உள்ள மணியே தப்பு என்று நான் சொல்லவில்லை. பூச்சு என்று சொல்லி விற்றால் அதற்கேற்ற இடத்தில் வைப்போம். மறைத்து விற்றதுதான் மோசடி. ஆகவே வாங்கும் முன், நிறம் கண்ணாடியிலேயே இருக்கிறதா, மேலே பூசியதா என்று எழுத்தில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பொட்டலம் வந்ததும் பிரிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஒரு மணியை அசிட்டோனில் தேய்ப்பதோடு, இன்னொன்றை உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். அசிட்டோனுக்கு அசையாத பூச்சும் உண்டு. துளைக்குள் ஒரு நூலை விட்டு நாலைந்து முறை இழுத்தாலே விளிம்பு தெரிந்துவிடும். நூல் பிசிறடித்தால் அந்த மணி வேண்டாம். விளிம்பை அரத்தால் தேய்த்துச் சரிசெய்வதானால் மணியைத் தண்ணீருக்குள் வைத்தே தேயுங்கள், கண்ணாடித் தூள் மூச்சில் போகக்கூடாது.

தோழிக்கு வேறு ஆரம் கோக்கத் தொடங்கியிருக்கிறேன். சட்டைக் கறை மட்டும் போகவில்லை.